ஆறு இருபத்தாறு

2026 மார்ச் 4, புதன்.

இன்றைய தவறு: ஸ்டூடியோப் பதிவேட்டில் ‘செய்தி ஐந்து நிமிடம் தாமதம்’ என்று எழுதினேன். செய்தி நேரத்துக்குத்தான் வந்தது. ஸ்டூடியோ மணிக்கூடுதான் ஐந்து நிமிடம் முந்தி ஓடியது. அதை முந்த வைத்தது நான். சிறு தவறு. நாளை போனதும் பதிவேட்டில் அந்த வரியை வெட்டித் திருத்திக் கையெழுத்திட வேண்டும்.

இதை எழுதும்போது தாரிகா பம்பலப்பிட்டி மாலை வகுப்பில், பின்னாலிருந்து மூன்றாவது மேசையில் இருந்தாள். ஒலிபரப்பு டிப்ளோமா வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், ஏழு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை. விரிவுரையாளர் வருவதற்கு முன் பத்து நிமிடம் கிடைத்தாலும் போதும், நாட்குறிப்பை எடுத்துவிடுவாள். அதில் தவறு முதலில் வரும், மற்றதெல்லாம் பிறகு. “வாத்திமார் கூட இவ்வளவு பிழை பிடிக்க மாட்டினம்” என்று கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா சொல்வதுண்டு.

இன்றைய தவறு அவளுக்குத் தெரிய வந்ததும் அந்த வகுப்பில்தான். சுவர் மணிக்கூடு ஆறு ஐம்பத்திரண்டு காட்டியது. அவள் கைமணிக்கூட்டில் ஆறு ஐம்பத்தேழு. அந்த ஐந்து நிமிட வித்தியாசம் புதிதல்ல. வகுப்புக்குப் பிந்தக்கூடாது என்று அவளே திருகி வைத்துக்கொண்டது. ஆனால் இன்றைக்கு அதைப் பார்த்தபோது பின்னேரம் நாலு மணி ஞாபகத்துக்கு வந்தது. கரண்ட் போய் வந்தது. ஸ்டூடியோவின் சிவப்பு இலக்க மணிக்கூடு நான்கு பூச்சியங்களைக் காட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் கதிரையில் ஏறி நின்று, கையைப் பார்த்து, அதைச் சரிப்படுத்தினாள். சரிப்படுத்தினதாக நினைத்தாள்.

தாரிகா வேலை செய்வது ‘கரையோசை’யில். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இயங்கும் சின்னப் பொது வானொலி. நாலு மணியிலிருந்து ஆறரை வரைதான் அதற்குச் சொந்தக் குரல். ஆறரைக்குத் தலைமை நிலையத்துச் செய்தியோடு அதன் பொழுது முடிந்துவிடும். புத்தகம், நாடகம், பாட்டு, ஊர்ச் செய்தி எல்லாம் வரும் ‘மாலை மேசை’ நிகழ்ச்சியை நபீஸ் நடத்துவார். மிக்ஸரில் இருந்து நேரம் பார்ப்பது தாரிகா. இன்றைய விருந்தாளி தெமட்டகொடையில் தையற்கடை வைத்திருக்கும் ஸவாஹிர். றெயில்வே குவாட்டர்ஸில் நடக்கும் கொலையொன்றை வைத்து முதல் நாவல் போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தவரைத் தாரிகாதான் கையை வெட்டிக் காட்டி நிறுத்தினாள். பாவம், ஐந்து நிமிடம் இருந்திருக்கிறது. அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதையும் நாட்குறிப்பில் சேர்க்கப் பேனையை எடுத்தாள்.

அந்த நேரம் ரிஸ்னா வந்து பையைத் தொப்பென்று மேசையில் போட்டாள். தெஹிவளையில் ஒரு கந்தோரில் வேலை. தினமும் நூறாம் நம்பர் பஸ்ஸில் காதில் வயரைச் செருகிக்கொண்டு கரையோசை கேட்டபடியே வகுப்புக்கு வருகிறவள்.

“தாரிகா, ஒனக்கு இண்டைக்கு நன்மை கொட்டோ கொட்டு.”

“ஏன்?”

“பஸ் வெள்ளவத்தையில ஜேம் ஆகி நிக்கிது. எனக்கெண்டா தொண்டை காஞ்சி, தலை சுத்துது. டக்கெண்டு ஒங்கட ரேடியோல பாங்கு. நான் எழும்பி நிண்டு சத்தமாச் சென்னன், ‘பாங்கு சொல்லிட்டாங்க, நோன்பு தொறங்க’ எண்டு. என்ட ஈச்சம்பழ டப்பாவ அப்பிடியே பின்னுக்கு அனுப்பின. கண்டக்டர் சிங்களத் தம்பி, அவரும் தண்ணிப் போத்தல் குடுத்தார். பத்துப் பதினஞ்சு பேர் திறந்தாங்க. நீ போட்ட பாங்குடி!”

ரிஸ்னா சிரித்தாள். தாரிகாவும் உதட்டை விரித்தாள். பிறகு பேனை தானாக மேசையில் படுத்தது.

நோன்பு மாதத்தில் கரையோசையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணிக்குப் பிறகு நோன்பு இல்லாதவர்தான் மிக்ஸரில் இருப்பார். நோன்பாளிகள் ஆறுதலாகத் தண்ணீரும் பழமும் எடுக்கட்டும் என்று யாரோ தொடங்கி வைத்தது. போன வருடம் சக ஊழியன் உமாசுதன் செய்தான். இந்த முறை தாரிகா தானாகவே கேட்டு வாங்கினாள். பள்ளிவாசல் நேர அட்டவணையை மிக்ஸருக்கு மேலே ஒட்டி, ஒவ்வொரு நாளையும் மஞ்சள் பேனையால் கோடிட்டு வைத்திருந்தாள். இன்றைக்கு நோன்பு திறக்கும் நேரம் ஆறு இருபத்தாறு. சிவப்பு மணிக்கூடு ஆறு இருபத்தாறைக் காட்டிய செக்கனில் பாங்கு ஒலிப்பதிவை அழுத்தினாள். ஒரு செக்கனும் பிசகவில்லை.

இருபத்தாறில் ஐந்து போனால் இருபத்தொன்று.

அவள் கொப்பியின் ஓரத்தில் அந்தக் கழித்தலை எழுதிப் பார்த்தாள். இன்னொரு முறையும் எழுதினாள். ‘சிறு தவறு’ என்ற இரண்டு சொற்களும் மேலே, அவளுடைய வட்டமான எழுத்தில், அழகாக இருந்தன.

“ரிஸ்னா, நோன்பைக் கொஞ்சம் முந்தித் திறந்தா என்ன?”

“எவ்வளவு முந்தி?”

“சும்மா. ஒரு... அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிஷமா? அப்ப அந்த நோன்பு போச்சு. பதினாலு மணித்தியாலம் பட்டினி கிடந்தது தான் மிச்சம். ஏன் கேக்கிற?”

“ஒண்டுமில்லை. வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்கு. நான் போறன்.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம் என்று படியிறங்கும்போதே தோன்றியது. திரும்பி ஏறவில்லை.

வெள்ளவத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே போனைத் திறந்தாள். நேயர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் எல்லாம் அவள் போனுக்கும் வரும், பதில் போடுவது அவள் வேலை. ஆறு இருபத்தொன்பதுக்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் மரைன் டிரைவ்ல ஈந்து ஹமீமா. ஒங்கட மாலை மேசைய நாள் தவறாமக் கேக்கிற. நாங்க ஒம்பதாம் மாடி, பள்ளிப் பாங்கு இங்க ஒழுங்காக் கேக்காது, ரேடியோவத்தான் நம்பி ஈக்கிற. இண்டைக்கு பெல்கனில நிண்டு கஞ்சி ஊத்திக்கொண்டு ஈந்தன். சூரியன் கடல்ல அரைவாசி ஈந்திச்சி, என்ட கண்ணால கண்டன். அப்ப ஒங்கட பாங்கு சென்னிச்சி. எனக்கு மனசு ஒரு மாதிரி. ஆனா உள்ளுக்கு எட்டுப் பேரும் தொறந்துட்டாங்க. நானும் தொறந்துட்டன். யாரையும் குத்தம் செல்லல்ல. நேரம் சரியா இல்லையா, அத மட்டும் செல்லுங்க.”

பதிவு முடிந்ததும் அந்தச் சின்ன ஒலிவாங்கி அடையாளம் நீலமாகியது. கேட்டாகிவிட்டது என்பது இனி ஹமீமாவுக்கும் தெரியும்.

ஸ்டூடியோவுக்குச் சன்னல் இல்லை. ஆனால் அதன் வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் பின்படிக்கட்டு, அங்கே சன்னல் நிறையக் கடல். ஆறு இருபதுக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுகிறவளுக்கு வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

அவள் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது ஏழு நாற்பது. இந்த முறை போனில் பார்த்துக்கொண்டாள். நபீஸ் தராவீஹ் தொழுகைக்குப் புறப்படத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, கிளாசுக்கு டிமிக்கியா? நல்ல வேலை பாத்தீங்க இண்டைக்கு. ஸவாஹிர் நானா சமோசாவையும் தொடாமப் போனார். கொலைகாரன் யாரெண்டு கொழும்புல ஒரு மனிசனுக்கும் தெரியாது. புத்தகம் நல்லா விக்கும், நன்றி சொல்லோணும் எண்டன். சிரிக்கேல்ல.”

“நபீஸ் நானா, இண்டைக்குப் பாங்கு ஆறு இருபத்தொண்டுக்குப் போனது.”

நபீஸ் சிரித்த வாயை மூடவில்லை. தாரிகா கரண்ட் போனது, கதிரையில் ஏறினது, கைமணிக்கூடு, பதிவேடு என்று வரிசையாகச் சொன்னாள். வரிசையாகச் சொல்ல முடிந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஹமீமாவின் பதிவைப் போட்டுக் காட்டினாள். ‘சூரியன் கடல்ல அரைவாசி’ என்ற இடத்தில் நபீஸ் தாடியைத் தடவி, விரல்களைப் பார்த்தார், ஏதோ ஒட்டியிருப்பதைப் போல.

“பள்ளிப் பாங்கு பொறகு கேட்டிச்சி எனக்கு,” என்றார். “அது வேறொரு பள்ளியாக்கும் எண்டு நெனச்சன். நம்மட மணிக்கூட்ட நம்பினன்.” பிறகு, “ரெண்டு ஈச்சம்பழம் திண்டன். ஸவாஹிர் நானாக்கும் நான்தான் நீட்டின” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குரல்கள் கேட்டு உள்ளறையிலிருந்து சிவபாதசுந்தரம் வந்தார். கரையோசையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். கையில் பிளேன்டீ. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பதிவேட்டின் மேலேயே வைத்தார்.

“ஆர் ஆருக்குத் தெரியும்?”

“எனக்கும் நபீஸ் நானாவுக்கும், சேர். ஹமீமா எண்ட நேயர் கேட்டிருக்கிறா.”

“கேட்டிருக்கிறா. அவவுக்குத் தெரியாது. சந்தேகம்தானே? மேகம் எண்டு சொல்லலாம், கண்ணாடி வெளிச்சம் எண்டு சொல்லலாம். பிள்ளை, வானொலி எண்டது காத்து. போனது போச்சு. நாங்களாப் போய் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.”

“சேர், சனத்தின்ர நோன்பு...”

“அதைத்தான் நானும் சொல்லுறன். சனத்தின்ர நோன்பு. தமிழ்ப் பிள்ளை ஒண்டு பாங்கைப் பிழைச்சுப் போட்டாள் எண்டு ஆரும் பேஸ்புக்கில எழுதினா, அதுக்குக் கீழ என்னென்ன எழுதுவாங்கள் எண்டு யோசிச்சீரா? பிழையாக்கும் எண்டு எழுத மாட்டாங்கள். வேணுமெண்டு செய்தது எண்டுதான் எழுதுவாங்கள். உம்மை வேலையில நிரந்தரமாக்கிற கடிதம் என்ர மேசையில கிடக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கிறது. நாளைக்கு உம்மட வாசிகசாலைப் பகுதி வேற போகுது. இதையெல்லாம் யோசிச்சீரா?”

யோசித்திருந்தாள். பஸ்ஸில் வேறொன்றையும் யோசிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் மீன் கடைகளுக்கு மேலே ஒற்றை அறையில் நடக்கும் வாசிகசாலையைப் பற்றி அவள் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து ஒலிப்பதிவு செய்திருந்தாள். பேப்பர் பார்க்க வரும், மூட்டை சுமக்கும் நாட்டாமிகள், பரீட்சைக்குப் படிக்க வரும் பெண்கள், மின்விசிறியின் கிரீச். பத்து நிமிடம். அவளுடைய குரல் முதன்முதலாகக் காற்றில் போகவிருந்த பத்து நிமிடம். அம்மா அடுக்குமாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

“சேர் சொல்றதிலயும் நியாயம் ஈக்கி,” என்றார் நபீஸ். அதைக் கேட்டது நிம்மதியா, ஏமாற்றமா என்று தாரிகாவுக்கே பிடிபடவில்லை. “ஆனா நான் தெரிஞ்சிக்கொண்டன். தெரிஞ்ச பொறகு சும்மா இரிக்க எனக்கு ஏலாது. ஒரு கோல் எடுக்கிறன்.”

பள்ளிவாசல் ஷரீப் மௌலவியோடு இரண்டு நிமிடம் கதைத்தார். போனை வைத்துவிட்டு, “குத்தம் இல்லையாம், தெரியாமச் செஞ்சது. ஆனா அந்தப் பாங்குக்குத் திறந்தவங்க பெருநாளுக்குப் பொறகு ஒரு நோன்ப திருப்பிப் புடிச்சு கழாச் செய்யோணும். தெரிஞ்சவங்க அறிவிக்கோணும். இவ்வளவுதான்” என்றார்.

சிவபாதசுந்தரம் கோப்பையை அதன் காதைப் பிடித்துச் சுழற்றினார். அவர் கெட்டவர் அல்ல. எண்பத்து மூன்று கலவரத்தில் இதே வெள்ளவத்தையில் ஒரு வதந்தி வீட்டு வாசலுக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று கண்டவர்.

“அப்ப சரி. நாளைக்கு நபீஸ் வாசிக்கட்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேற்றைய ஒலிபரப்பில் ஏற்பட்ட நேர மாறுதலுக்கு வருந்துகிறோம்.’ முடிஞ்சுது. அதுக்கு முன்னம் ஒருத்தரும் பேஸ்புக்கில ஒண்டும் போட வேண்டாம்.”

நல்ல வசனம். எந்த வானொலியிலும் எந்த நாளும் கேட்கலாம். தாரிகா அதைத் தன் மனதுக்குள் ஹமீமாவின் காதால் கேட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் மாடியில், பெல்கனியில், அடுத்த நாள் கஞ்சியை ஊற்றிக்கொண்டு. எந்த நேரம், எந்தப் பாங்கு, என் நோன்பு என்ன ஆனது, ஒன்றும் விளங்காது. கரண்ட் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

“நான் வாசிக்கிறன் சேர். நேரத்தைச் சொல்லி. மணிக்கூட்டைப் பிழையா வைச்சது நான் எண்டும் சொல்லி.”

“பேரையுமோ?”

“பேரையும்.”

“தங்கச்சி, பேர் தேவையில்ல” என்றார் நபீஸ். “என்ட புரோகிராம். நான் செல்றன்.”

அவள் தடுமாறினாள். உண்மையைச் சொல்ல ஆசைப்படுகிறாளா, இல்லை எல்லோர் முன்னும் அடி வாங்கினால் மனம் ஆறும் என்று ஆசைப்படுகிறாளா? தினமும் தவறை முதலில் எழுதி எழுதி, ஒப்புக்கொள்வதே ஒரு சுகமாகிவிட்டதோ? அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: கேள்வி அவளிடம் வந்திருக்கிறது, நீல அடையாளத்தோடு காத்திருக்கிறது.

“பேர் வேணாம் எண்டா வேணாம். ‘மிக்ஸரில இருந்த நான்’ எண்டு சொல்லுறன். ஆனா என்ர குரல்தான், நானா.”

“அப்ப வாசிகசாலை நாளைக்குப் போகாது,” என்றார் சிவபாதசுந்தரம். “ஒரே குரலில மன்னிப்பும் கேட்டு, அடுத்த நிமிஷம் மின்விசிறிச் சத்தமும் போட ஏலாது. எப்ப போகும் எண்டும் சொல்ல மாட்டன். கடிதத்தை வெள்ளிக்கிழமை பார்ப்பம். நான் உமக்கு ஒண்டும் வாக்குத் தரேல்லை.”

“ஓம் சேர்.”

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். பதிவேட்டில் ஈரவட்டம் ஒன்று மிஞ்சியது. நபீஸ் தொப்பியைப் போட்டு, வாசலில் நின்று, “ஸவாஹிர் நானாவுக்கு நான் கோல் எடுக்கிறன். அவருக்கு இனிப் புதுசா ஒரு கோவம் வரும், பழைய கோவம் மறந்திடும்” என்றார். பகிடிதான். ஆனால் குரல் பகிடிக்குப் போதவில்லை.

தனியே நின்றதும் தாரிகா ஒலிவாங்கி அடையாளத்தை அழுத்தினாள். மூன்று தரம் அழித்து, நாலாம் தரம் அனுப்பினாள். “ஹமீமா ராத்தா, நான் கரையோசையில் இருந்து தாரிகா. நீங்க கண்டது சரி. நேரம் பிழை. ஆறு இருபத்தொண்டுக்குப் போட்டுட்டன். பிழை என்னுடையது. மௌலவி கழாச் செய்யச் சொல்றார். நாளைக்கு ரேடியோவிலயும் சொல்லுவன்.”

பதிலும் குரலாகவே உடனே வந்தது. “சரி மகள். உண்மையச் சென்னதுக்கு ஜஸாகல்லாஹ். ஆனா எட்டுப் பேர். என்ட வீட்டுக்காரர் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் புடிச்ச நோன்பு. அவருக்கு எப்பிடிச் செல்றதெண்டு தான் யோசிக்கிறன்.” பின்னால் யாரோ சிரிப்பதும் கோப்பைகள் உரசுவதும் கேட்டன. அந்த வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தாள். வகுப்பு இடைவேளை. தாரிகா நடந்ததைச் சொன்னாள்.

“வகுப்பிலயே தெரியுமா ஒனக்கு? நான் கேக்கக்குள்ள ஒண்டுமில்லை எண்டியே?”

“தெரியும். பயந்திட்டன்.”

“என்ட நோன்ப நான் திருப்பிப் புடிச்சிடுவன் தாரிகா, அது பிரச்சினை இல்ல. பஸ்ஸில இருந்த ஆக்கள நான் எங்க போய்த் தேடுற? எழும்பி நிண்டு சென்னது நானல்லவா? எல்லாருமா ரேடியோ கேக்கிறாங்க?”

ரிஸ்னா வைத்துவிட்டாள்.

தாரிகா கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். போனைப் பார்த்துச் சிவப்பு மணிக்கூட்டை ஐந்து நிமிடம் பின்னுக்குக் கொண்டுவந்தாள். இறங்கி, மறுபடி ஏறி, இன்னொரு தரம் பார்த்தாள். பதிவேட்டில் ‘செய்தி ஐந்து நிமிடம் தாமதம்’ என்பதை ஒரே கோட்டால் வெட்டினாள். ஈரவட்டத்தில் மை கொஞ்சம் பரவியது. பக்கத்தில், ‘பாங்கு 6.21க்கு ஒலிபரப்பானது. உரிய நேரம் 6.26’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கைமணிக்கூட்டைக் கழற்றி அதையும் திருகினாள். இனி வகுப்புக்குப் பிந்தக்கூடும். பிந்தட்டும்.

பிறகு நாட்குறிப்பை விரித்து, ‘சிறு தவறு’ என்பதில் முதற் சொல்லை மட்டும் வெட்டினாள். அதன் கீழே எழுதினாள்:

நாளை, மார்ச் 5, வியாழன்.
பகல் இரண்டு மணிக்கு ஷரீப் மௌலவியிடம் அறிவித்தலை வாசித்துக் காட்ட வேண்டும்.
ஐந்து மணிக்குப் பின்படிக்கட்டுச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.
5.50க்கு அறிவித்தல். நான் வாசிப்பது. ‘கோளாறு’ என்ற சொல் வராது. ‘நூறாம் நம்பர் பஸ்ஸில் நோன்பு திறந்தவர்களும்’ என்பதைச் சேர்க்க வேண்டும். 6.10க்கு மறுபடி வாசிக்க வேண்டும்.